உச்சிவெயில் ஒரு மணிக்கு, இடி நான்கு மணிக்கு: ஜொகூர் மக்களுக்கு ஏப்ரல்–மே ஆலோசனை

ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை ஜொகூரில் கடும் வெயிலும் இடிமழையும் ஒரே நாளில் வரும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத பருவமாற்றக் காலம் இது. காற்று அடங்கிக் கிடக்கும். காலை வெயில் நிலத்தைச் சுட வைக்கும். பிற்பகலில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்தும் தென்சீனக் கடல் பக்கமிருந்தும் வரும் கடற்காற்று உள்நாட்டில் மோதும்; சூடான ஈரக்காற்று மேலெழுந்து கருமேகமாகத் திரளும். காலையில் புழுக்கம் அதிகமென்றால் மாலையில் இடிக்குத் தயாராக இருங்கள். வெயிலுக்குத் தனி ஏற்பாடு, மழைக்குத் தனி ஏற்பாடு என்று வைத்தால் இரண்டும் தவறிப்போகும். ஒரு நாளை மணி பார்த்துப் பிரித்துக்கொள்வதே நல்லது.

உச்சி எப்போது?

உச்சிவெயில் என்றால் பன்னிரண்டு மணி என்பது நம் பழைய கணக்கு. இங்கே அது செல்லாது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருக்கும். ஐயமிருந்தால் வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு நிழல் இன்னும் மேற்கே நீண்டிருக்கும். ஒரு மணிக்குப் பிறகுதான் அது மிகக் குறுகும். நிலம் சூடேறி, காற்று அதிகச் சூட்டைத் தொடுவது அதற்கும் பின்னால், பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். எனவே பகல் பதினொன்று முதல் நான்கு வரை நிழலில் இருக்க வழி செய்யுங்கள்.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா மூன்று நிலைகளில் வெப்ப எச்சரிக்கை தருகிறது. தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. நாட்டில் பதிவான உச்சம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில். கடல் சூழ்ந்த ஜொகூர் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் இங்குள்ள ஈரப்பதத்தில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. கைப்பேசியில் 33 டிகிரி என்று காட்டினாலும் அலட்சியம் வேண்டாம்.

விடியல் முதல் பதினொன்று வரை

கடின வேலைகளை இந்த நேரத்தில் முடியுங்கள். புல் வெட்டுவது, கூரை பழுது பார்ப்பது, சந்தைக்குப் போவது, முதியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது எல்லாம் காலையிலேயே. பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு இது பழக்கம்தான். செம்பனைக் குலை அறுப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் முதலாளியிடமோ மண்டோரிடமோ பேசி வேலையை முன்னே தொடங்குங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பதினொன்று முதல் மூன்று வரை

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். தகரக் கூரை வீடுகளில் மேற்குப் பக்கச் சன்னலுக்குத் திரை போட்டு, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். தனியாக வாழும் முதியவர் பக்கத்து வீட்டில் இருந்தால் மதியம் ஒருமுறை குரல் கொடுங்கள்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, மிகுந்த வியர்வை வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பச் சோர்வைத் தாண்டிவிட்டது, 999க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை சட்டையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூன்று முதல் எட்டு வரை

காலையில் வானிலை பார்த்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். மேகம் திரண்ட பிறகுதான் அது வரும். பிற்பகல் இரண்டு மணிக்கு மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

குலை அறுப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். வானம் கறுத்த பிறகும் "இந்த வரிசையை முடித்துவிடுகிறேன்" என்று அவர் நிற்பார். மின்னலுக்கு அதைவிட வசதியான வழி வேண்டாம். முதல் இடி கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போக வேண்டும். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழித்தே வெளியே வாருங்கள். தனி மரத்தடி, திடல், தகரக் கொட்டகை எதுவும் பாதுகாப்பல்ல.

மழைக்கு முன் சட்டென்று குளிர்ந்த காற்று வீசினால் அதுவே அறிகுறி. பாசார் மாலாம் வியாபாரிகள் அந்த நொடியில் கூடாரத் துணியை இறக்கிவிட வேண்டும்; கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் சாலையோரத்தில் ஒதுங்கினால் பின்னால் வரும் லோரிக்கு மழையில் கண் தெரியாது. முறையான ஒதுங்குமிடத்திலோ எண்ணெய் நிலையத்திலோ நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கிய சாலையின் ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். வீட்டில் மோடம், தொலைக்காட்சி பிளக்குகளை இடி தொடங்குமுன் பிடுங்கிவிடுங்கள்.

மேற்குக் கரைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

பொந்தியான், பத்து பகாட், மூவார் மக்களுக்கு மாலைக் கணக்கு மட்டும் போதாது. சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் புயல்மழை வரிசை நீரிணையைக் கடந்து விடிகாலையில் வந்து அடிக்கும். மேற்கு வானில் கருமேகம் வளைவாகத் தெரிந்தால் படகுகள் கரை திரும்ப வேண்டும். விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார்காரர்களும் மழைச்சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்திருங்கள்.

கோயில் விழாக்கள்

சித்திரைப் புத்தாண்டும் கோயில் திருவிழாக்களும் இதே வாரங்களில்தான். பால்குட ஊர்வலத்தைக் காலை ஒன்பதுக்குள் முடிக்கப் பாருங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தார்ச் சாலையில் நீர் தெளித்து, ஈரச் சாக்கு விரியுங்கள். பந்தலில் இடிக்கு ஒதுங்க முடியாது. கூட்டத்தை எந்தக் கட்டடத்துக்குள் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த அன்னதான உணவை இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை

கூரைத் தூம்பிலும் வாசல் கால்வாயிலும் இலை அள்ளுங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும்போது ஏடிஸ் கொசு பெருகும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சாமி அறைச் செம்பு எதிலும் நீர் தேங்க விடாதீர்கள். குடிநீர் சேமித்தால் மூடி வையுங்கள். 2015இல் சுங்கை லாயாங் அணை வற்றி, ஜொகூர் பாரு வட்டாரத்தில் முறைவைத்து நீர் வழங்கியதை நாம் மறந்திருக்க முடியாது. மேற்குக் கரையின் கரிச்சதுப்பு நிலத்தில் குப்பை கொளுத்தினால் தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகையும். மே கடைசியில் மழை குறையத் தொடங்கினால் அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நாம்தான்.

அவசரத்துக்கு 999. மின்தடைக்குத் தெனாகா 15454. வானிலைக்கு மெட்மலேசியா 1-300-22-1638. இந்த மூன்று எண்களையும் குளிர்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மின்சாரம் போன மாலையில் தாத்தா பாட்டிக்கும் அவை கண்ணில் படட்டும்.