இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்

தபால் அட்டையில் எழுதிய செய்தியை வழியில் காண்பவர் எவரும் படித்துவிடலாம். உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை அவ்வாறு படிக்க இயலாது. இணையதளங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. குறியாக்கம் இல்லாத தளத்தில் ஒருவர் இடும் கடவுச்சொல்லை இடைவழியில் பிறர் கவர்ந்துவிட முடியும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' எனத் தொடங்கும் தளத்தில் செய்திகள் குறியாக்கம் பெற்றே பயணம் செய்கின்றன. ஆயினும், கடிதம் உரியவரிடம்தான் சேர்கிறதா என்பதற்கு உறுதி வேண்டும். அவ்வுறுதியை அளிப்பதே பாதுகாப்புச் சான்றிதழ்.

பெறும் முறை

தள உரிமையாளர் முதலில் தமது சர்வரில் பொதுச் சாவி, இரகசியச் சாவி என இரண்டை உருவாக்க வேண்டும். தளத்தின் பெயரும் பொதுச் சாவியும் அடங்கிய விண்ணப்பத்தைச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இரகசியச் சாவியை எவரிடமும் தரலாகாது. நிறுவனம் ஒரு குறியீட்டைத் தந்து, அதைத் தளத்தில் வைக்குமாறு கேட்கும். அவ்வாறு வைக்கப்பட்டால், தளம் விண்ணப்பதாரரின் ஆளுகையில் இருப்பது உறுதியாகிறது. பின்னர் சான்றிதழ் வழங்கப்படும். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு 2015 முதல் இதனைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. காலாவதியாகும் முன் புதுப்பித்தல் இன்றியமையாதது. சான்றிதழின் உச்சக் காலவரம்பு 2029 மார்ச்சில் 47 நாட்களாகக் குறைக்கப்படவுள்ளமையால், தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாடு செய்துகொள்வது நன்று.

எவரை நம்புவது?

ஒவ்வொரு உலாவியும் தான் நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியலைக் கொண்டே இயங்குகிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இ-முத்ரா நிறுவனத்தின் 'எம்சைன்' மூலச் சான்றிதழ்கள் மொஸில்லாவின் பட்டியலில் இடம் பெற்றவை.

இந்நம்பிக்கை எளிதில் குலையக்கூடியது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவின் வழியே, கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியானமை 2014 ஜூலையில் கண்டறியப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்கீழ் இயங்கும் சான்றளிப்போர் கட்டுப்பாட்டு அதிகாரி, அம்மையத்துக்கு அளித்திருந்த சான்றிதழ்களை உடனே ரத்துச் செய்தார்.

இந்தியாவின் மூலச் சான்றிதழை உள்ளடக்கிய உலாவியை உருவாக்கும் போட்டி 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசுடன் பெங்களூரு சி-டாக் நிறுவனமும் இதில் பங்கேற்றது. 2025 மார்ச்சில் ஸோஹோ குழு முதற்பரிசு பெற்றது.

பொதுமக்கள் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தளத்தின் பெயருக்கே சான்றிதழ் பொறுப்பேற்கிறது; உரிமையாளரின் நாணயத்துக்கு அன்று. வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் பதிவு செய்த மோசடித் தளமும் முறைப்படி சான்றிதழ் பெற இயலும். ஆகவே, முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரே கடவுச்சொல்லை இடுதல் வேண்டும்.