கூட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

1. முதல் ஒரு மாதம் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பைனாகுலரும் நோட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு விடியற்காலையில் போய் உட்காருங்கள். எந்தப் பறவை எங்கே மேய்கிறது, எப்போது பறக்கிறது என்று தெரிந்த பிறகு லென்ஸ் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

2. கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள். ஆள்காட்டிப் பறவைக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கட்டாந்தரையில் சின்னப் பள்ளம், சுற்றி நாலு கூழாங்கல், நடுவில் மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள். உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் கிடந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் தாங்காது. அதனால் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். என் இளவயதில் அப்படியொரு கூட்டருகே அரை மணி நேரம் குந்தியிருந்தேன். ஜோடி இரண்டும் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றின. நான் எழுந்து இருபது அடி நடப்பதற்குள் காக்கை இறங்கிவிட்டது. படம் நன்றாகத்தான் வந்திருந்தது. இன்றுவரை யாருக்கும் அதைக் காட்டியதில்லை.

3. செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அழைக்காதீர்கள். எதிராளி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டு அலையும். ஆந்தை முகத்தில் பிளாஷ் அடிப்பதும் வேண்டாம்.

4. பறவையோடு இடத்தையும் சேர்த்து எடுங்கள். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பூநாரையை மட்டும் எடுத்தால் அழகான படம் கிடைக்கும். பின்னால் நிற்கும் அடுக்குமாடிகளும் சட்டத்துக்குள் வந்தால், சதுப்புநிலம் எவ்வளவு சுருங்கிப்போனது என்பது பார்ப்பவருக்கு உறைக்கும். 2022-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியல் மட்டுமே ஒரு இடத்தைக் காப்பாற்றிவிடாது. அதை நேசிக்கிற ஜனங்கள் வேண்டும்.

5. நாள், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த மா. கிருஷ்ணனும் படத்தோடு நிற்கவில்லை. 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றி விடாமல் எழுதினார். ஆனால் எழுதிவைத்ததில் அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

6. எடுத்த படத்தை முதலில் அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேடந்தாங்கல் ஏரியை இன்று நாம் பார்க்கிறோம் என்றால், பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்ததால்தான். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு நல்ல பிரிண்ட் கொடுங்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஒன்றை மாட்டுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வருகிற பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போங்கள்.