சோற்றுப் பானையில் ஒரு கணக்கு



லேபில் வெர்னியர் ரீடிங் கொஞ்சம் தப்பினாலும் மார்க் போய்விடும். வீட்டில் தினமும் எவ்வளவு சாப்பாடு வீணாகிறது என்று யாராவது அளந்ததுண்டா? நான் அளந்தேன்.

முறை சுலபம். ஒரு தராசு, இரண்டு பக்கெட். தோல், காம்பு ஒன்றில். சாப்பிட்டிருக்க வேண்டியது இன்னொன்றில். ஏழு நாளில் மொத்தம் 3 கிலோ 900 கிராம். இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு (தோலும் எலும்பும் சேர்த்து) வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. நாலு பேருக்கு வாரம் 4 கிலோ சொச்சம். ஆக, நாங்களும் ஆவரேஜ் குடும்பம்தான்!

பிரித்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. தோல் 1,300 கிராம், குழம்பு பொரியல் 500. வெறும் சோறு மட்டும் 2,100! அரிசிக் கணக்கில் சுமார் 700 கிராம். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சிப்பம். ஒரு கிலோ நெல் விளைய சராசரி 2,500 லிட்டர் தண்ணீர் என்பார்கள். நம் சங்ககிரி பாஷையில் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினோரு லோடு!

"குளுதாடியில்தானே ஊத்தறோம், மாடு குடிக்குது" என்று சமாதானம் சொல்வோம். சோறு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறும், உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் சூடு பண்ணித் தின்பதும் சரியில்லை. சில கிருமிகளின் வித்து வேகும்போது சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு மறு சூட்டுக்கும் போகாது. ஆறியதும் சீக்கிரமே ஃபிரிட்ஜில் வைப்பதுதான் நல்லது.

சரி, சோறு ஏன் மிஞ்சுகிறது? அப்பா லாரிக்குப் போகிறவர். வருகிற நாள் தெரியாது. அதனால் தினமும் ராத்திரி ஒரு டம்ளர் அரிசி கூடுதலாக உலையில் விழும். கணக்கைக் காட்டினேன். அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை. "அலுத்து வர்ற மனுசனுக்குப் பானையில சோறில்லாம இருக்கலாமா கண்ணு?" என்றார். இதற்கு எந்த ஃபார்முலாவில் பதில் இருக்கிறது?

அப்பாவிடம் பேசினேன். வடக்கே இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறங்கி, வண்டியை ஓரங்கட்டி ஒரு போன் போடுவதாக ஒத்துக்கொண்டார். அங்கிருந்து லோடு வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். சோறு வடிக்க அரைமணி போதும். அடுத்த வாரம் தராசில் சோறு 600 கிராம்.

அந்த 600 எப்படி என்று அம்மாவிடம் கேட்டேன். "போன் சார்ஜ் இல்லாம போயிட்டா?" என்றார். ஒரு டம்ளர் இப்போது ஒரு கைப்பிடியாகியிருக்கிறது. அதற்குக் கீழே குறைக்க நான் கேட்கவில்லை.