மூன்று பேணியும் ஒரு முக்கோணமும்

ஒஸ்லோ,
மார்கழி, ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து ரயிலில் வரும்போது நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். அதற்குள் ஸ்தோவ்னர் நிலையம் வந்துவிட்டது. நட்டம் தருகிற இரண்டு ஆட்டங்களைக் கலந்து விளையாடினால் லாபம் வரும் என்று உங்கள் கணக்கு வாத்தியார் சொன்னாராம். அப்படியென்றால் போனில் உள்ள இரண்டு பந்தய ஆப்பை மாறி மாறிப் போட்டுப் பார்க்கலாமே என்று உன் வகுப்புப் பெடியன் ஒருவன் கேட்டானாம். வாத்தியார் சொன்னது உண்மை. பெடியன் நினைத்தது பிழை. ஏன் என்று எழுதுகிறேன், கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

முதலில் குசினிக்குப் போய் மூன்று பேணி எடு. முதல் பேணியில் 99 பயறும் 101 உளுந்தும் போடு. இரண்டாவதில் 19 பயறு, 181 உளுந்து. மூன்றாவதில் 149 பயறு, 51 உளுந்து. தோல் நீக்காத கறுத்த உளுந்தாக இருக்கட்டும். கையில் தடவி எது எதுவென்று கண்டுபிடிக்க வராது. கண்ணை மூடி ஒரு மணி எடுப்பாய். பயறு வந்தால் உனக்கு ஒரு குரோனர் வரும், உளுந்து வந்தால் ஒரு குரோனர் போகும். எடுத்த மணியைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள எங்கள் ஒரு குரோனர்க் காசு இதற்கு நல்ல வசதி, நூலில் கோர்த்து எண்ணலாம்.

முதல் ஆட்டத்துக்கு முதல் பேணி மட்டும்தான். 200-க்கு 99 பயறு என்பதால் 100 தரம் எடுத்தால் சராசரியாக ஒரு குரோனர் நட்டம். இதில் விளங்காமல் இருக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள காசை எண்ண வேண்டும். அது மூன்றால் மிச்சமின்றிப் பிரிந்தால் இரண்டாம் பேணி, இல்லாவிட்டால் மூன்றாம் பேணி. மூன்று எண்ணில் ஒன்றுதான் மூன்றால் பிரியும். ஆகவே ஒரு தரம் கெட்ட பேணி, இரண்டு தரம் நல்ல பேணி என்று நினைப்பாய். 19, 149, 149 மூன்றையும் கூட்டினால் 600-க்கு 317 பயறு. பாதிக்கு மேல்! லாபம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஆனால் உன் கையில் 30 குரோனர் இருக்கிறது என்று வைத்துக்கொள். மூன்றால் பிரியும், கெட்ட பேணி. அநேகமாக உளுந்துதான் வரும், 29 ஆகும். 29-க்கு நல்ல பேணி, அநேகமாகப் பயறு வரும், திரும்பவும் 30. திரும்பவும் கெட்ட பேணி. இப்படி 29-க்கும் 30-க்கும் நடுவில் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பாய். அதனால் கெட்ட பேணியில் நீ கை வைப்பது 100-க்கு 33 தரம் அல்ல, 38 தரத்துக்கு மேல். அந்த ஐந்து தரம்தான் உன்னைக் கவிழ்க்கிறது. 100 தரம் எடுத்தால் சராசரியாக 0.87 குரோனர் நட்டம்.

இப்போது இரண்டையும் கல. ஒவ்வொரு முறையும் ஒரு காசைச் சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் முதல் ஆட்டம், பூ விழுந்தால் இரண்டாம் ஆட்டம். 100 தரத்துக்குச் சராசரியாக 1.57 குரோனர் லாபம் வரும்! முதல் ஆட்டம் உன் காசு மூன்றால் பிரிகிறதா என்று பார்ப்பதில்லை. 29-க்கும் 30-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவளை அது உலுக்கி வெளியே தள்ளுகிறது. வெளியே வந்தவளை நல்ல பேணி மேலே இழுக்கிறது. கெட்ட பேணி தீர்மானிக்கும் இடத்தில் நீ நிற்பது 38-இலிருந்து 34.5-க்கு இறங்கிவிடுகிறது.

நான் சொன்னதற்காக நம்பாதே, பெருக்கிப் பார். இரண்டாம் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று படி ஏற வேண்டுமென்றால் 19 × 149 × 149 = 4,21,819 வழிகள். மூன்று படி இறங்க 181 × 51 × 51 = 4,70,781. இறங்கும் வழிதான் கூட. கலந்து ஆடும்போது, காசு மூன்றால் பிரிந்தால் 400-க்கு 118 பயறு, பிரியாவிட்டால் 400-க்கு 248 பயறு. ஏற 118 × 248 × 248 = 72,57,472. இறங்க 282 × 152 × 152 = 65,15,328. ஏறும் வழி கூடிவிட்டது.

இன்னொன்றையும் பெருக்கு. ஒவ்வொரு பேணியிலும் ஓர் உளுந்தை எடுத்துவிட்டு ஒரு பயற்றைப் போடு. இரண்டாவதில் 20-க்கு 180, மூன்றாவதில் 150-க்கு 50. ஏறவும் 4,50,000, இறங்கவும் 4,50,000. துல்லியமான சமநிலை. அந்த ஒரு மணி வித்தியாசத்தில்தான் ஆட்டம் நடத்துபவரின் லாபம் இருக்கிறது.

இந்தச் சமநிலையைப் பற்றி ஆழமாக எழுதியவர் எங்கள் ஊர்க்காரர் என்பது உனக்குத் தெரியுமா? லாஷ் ஒன்சாகர் 1903 நவம்பர் 27 அன்று இந்த நகரத்தில் பிறந்தார். அப்போது இதன் பெயர் கிறிஸ்தியானியா. 1925-இல்தான் ஒஸ்லோ ஆனது. துரொண்ட்ஹைமில் படித்துப் பின்பு அமெரிக்கா போனார். 1931-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் ஒரு முக்கோணம் வரும். ஒரு பொருளுக்கு மூன்று வடிவம், ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அமைதியான நிலையில் ஒவ்வொரு பக்கத்திலும் போவதும் வருவதும் சமமாக இருக்கும், முக்கோணத்தைச் சுற்றி ஒரே திசையில் ஓட்டம் இராது என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. அந்த வழியில் போய்க் கண்டதற்குத்தான் 1968-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உன் காசை மூன்றால் பிரித்தால் மிச்சம் 0, 1, 2 என்று மூன்று நிலை. அதுவும் ஒரு முக்கோணம்தான். இரண்டு ஆட்டங்களைக் கலக்கும்போது அந்த முக்கோணத்தில் ஒரு சுழற்சி பிறக்கிறது.

இந்த ஆட்டத்தை 1996-இல் உருவாக்கியவர் மட்ரிட் பல்கலைக்கழக இயற்பியலாளர் குவான் பரொண்டோ. அவர் பந்தயத்துக்கு வழி தேடவில்லை. கண்டபடி அலைகிற நுண்துகளை, மரம் அரியும் வாளின் பல் போன்ற ஓர் அமைப்பைப் போட்டும் எடுத்தும் ஒரு பக்கமாக நடக்க வைக்கலாம் என்ற இயற்பியலை எளிதாக விளக்கத்தான் ஆட்டமாக மாற்றினார். அடிலெயிட் பல்கலைக்கழகத்தின் ஹார்மரும் அபொட்டும் 1999 டிசம்பரில் நேச்சர் இதழில் எழுதியபோதுதான் உலகம் கவனித்தது. உயிரியலிலும் இதன் சாயல் உண்டு: ஓர் உயிரினம் தனித்தனியே அழிந்துபோகக்கூடிய இரண்டு வாழிடங்களில் பரவி இருந்தால் தப்பிப் பிழைக்கலாம் என்று 1998-இல் யான்சனும் யொஷிமுராவும் காட்டினார்கள்.

இனி அந்தப் பெடியனின் கதைக்கு வருவோம். இந்த வித்தை நடப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. இரண்டாம் ஆட்டம் உன் கையிலுள்ள காசைப் பார்த்துப் பேணியை மாற்றுகிறது. முதல் ஆட்டம் அந்தக் காசை மாற்றிவிடுகிறது. ஒன்று மற்றதைத் தொடுகிறது. பந்தய ஆப் உன் பணப்பையைப் பார்ப்பதில்லை. நீ 30 குரோனரோடு வந்தாலும் 29 குரோனரோடு வந்தாலும் அதன் பேணி ஒன்றுதான். முன்னால் என்ன நடந்திருந்தாலும் ஒவ்வொரு பந்தயமும் சராசரியில் நட்டம் என்றால், எந்த ஒழுங்கில் கலந்தாலும் நட்டங்களின் கூட்டுத்தொகை நட்டம்தான். இதற்கு விதிவிலக்கு இல்லை.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2007 ஜூலை 1-இல் நோர்வே அரசு சூதாட்டப் பெட்டிகளைத் தடை செய்யும்வரை அவை கடை வாசல்களில் நின்றன. எங்கள் ஆட்கள் சிலர் சம்பளம் எடுத்த அன்றே அவற்றின் முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி தரவில்லையென்றால் பக்கத்துப் பெட்டிக்கு மாறுவார்கள்; அதுவும் தராவிட்டால் பழைய பெட்டிக்கே திரும்புவார்கள். மாறி மாறிப் போட்டால் வரும் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று தொடவில்லை. வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இன்று அந்தப் பெட்டி போனுக்குள் வந்திருக்கிறது, அதுதான் என் பயம்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இரண்டையும் கலந்து பேணியில் 1000 தரம் எடுத்தாலும் லாபம் 16 குரோனர் அளவில்தான். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் சாதாரணமாகவே 30 குரோனர் அளவில் இருக்கும், அதற்குள் அது மறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பைத்தன் கணினி மொழியில் எழுதி ஒரு இலட்சம் தரம் ஓடவிடு. காசு சுண்டாமல், முதல் ஆட்டம் இரண்டு தரம், இரண்டாம் ஆட்டம் இரண்டு தரம் என்றும் ஓடவிடு, லாபம் வரும். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக, ஒரு தரம் அது, ஒரு தரம் இது என்று ஓடவிடு. அதில் நட்டம்தான் வரும்! ஏன் என்று நீயே கண்டுபிடி. முக்கோணத்தைக் கீறிக்கொண்டு இருந்தால் பிடிபடும்.

வருகிற சனிக்கிழமை விடையோடு வா. அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா. மூன்று பேணியும் மேசையில் இருக்கும்.

அன்புடன்,
பெரியம்மா