எடை குறைந்தால் வேகம் கூடுமா?

கேள்வி: என் பழைய மாருதி 800 காரை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்ட ஆசை. எதையெல்லாம் கழற்றலாம்? (வாசகர், கருங்குழி)

பதில்: சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளில் நீண்ட நேர்ப்பாதைகளில் என்ஜினின் சக்தியே பிரதானமாக இருந்ததென்றாலும், 1990-இல் தோன்றிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து மீண்டும் முடுக்க வேண்டியிருப்பதால், 796 சி.சி. என்ஜின் வீணே சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் டயரையும் பிரேக்கையும் சேர்த்தே வருத்துகிறது. ஆகவே பின்னிருக்கை, ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, அதனடியில் இரைச்சலை அடக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட் ஆகியவற்றை அகற்றுங்கள். இலேசான சக்கரங்கள் அதனினும் விசேஷம். ஆனால் சீட் பெல்ட்டையும் கதவினுள் இருக்கும் இரும்பையும் தொடவே வேண்டாம். ரோல் கேஜ் எடையைக் கூட்டினாலும் பிராணனைக் காப்பது, அவசியம் பொருத்துங்கள். கழற்றிய வண்டியை ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்.