பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ ஓடுமா?

கேள்வி: 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5 4590 பிராசஸர், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். கல்லூரியில் படிக்கும் மகன் ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்கிறான். கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதுமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: இந்த கேமுக்காகப் புதிது வாங்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு அது வந்ததே 2015-ல். அதன் பழைய பதிப்பை உங்கள் பிராசஸர் தாங்கும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டு போதும். அதில் பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் தேவையில்லை, மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும். ஆனால் வாங்குமுன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். ஒல்லியான ஆபீஸ் கேபினட் என்றால் சாதாரண உயரக் கார்டு உள்ளே போகாது, 'லோ ப்ரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கடையிலேயே ஒரு கேமை ஓடவிட்டுப் பாருங்கள். கூடவே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். கம்ப்யூட்டரே வேகமாகிவிடும். மகனைவிட நீங்கள்தான் அதிகம் சந்தோஷப்படுவீர்கள்.

டிடிஆர்3 ராமில் பெரிய பணம் போடாதீர்கள், அடுத்த கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே புத்தம்புதிய கேம்கள்தான் வேண்டும் என்று மகன் சொன்னால், இதில் ஒரு ரூபாயும் போடாமல் புதிதுக்குச் சேமியுங்கள்.