கேட்பதா, சும்மா இருப்பதா?

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. கொழுந்து குறையும் என்று விஞ்ஞானிகள் அப்போதே சொன்னார்கள். நவம்பரில் தடை நீங்கியது. ஆனாலும் 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் சுமார் 25 கோடியாக இறங்கிவிட்டது. இது நமக்கும் ஒரு பாடம்.

உரம், மருந்து, கவ்வாத்து பற்றித் துரை எடுத்த முடிவு தப்பென்று தோன்றுகிறதா? முதலில் யோசியுங்கள்: நாம் கண்ணால் கண்டதா, கேள்விப்பட்டதா? பிறகு திருத்த முடியுமா?

திருத்தலாமென்றால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கடும் வெயிலில் கவ்வாத்து வெட்டினால் செடி பட்டுப்போகும். மருந்தடிக்கிறவர் உடம்பும் அப்படித்தான், கெட்டால் கெட்டதுதான். அப்போது பொறுக்கக் கூடாது. கண்டதைத் தேதி, நிறுத்த கிலோவோடு கொப்பியில் எழுதி, தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் மரியாதையாகக் கேளுங்கள்.